எனக்கென்ன தெரியும்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. முழங்கால் வலி பரவாயில்லை. வீட்டில் அவளுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது எந்த மூலையில் தூசி இருக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கஷ்டம் எனக்கு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "பணிந்து போனால் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பணிவு?" என்று எழுதியிருந்தாய். உன் தம்பிகள் நடந்துகொண்டதைப் படித்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் சண்டை வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டதாக நீயே சொல்கிறாய். அதற்குப் பணிவு என்று பெயர் வைக்காதே, அது பயம். 'இது எனக்குச் சரியாகப் படவில்லை' என்று குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தால் உன் பணிவு ஒன்றும் குறைந்திருக்காது.

அடக்கமுடைமை அதிகாரத்தில் 125ஆவது குறளைப் பள்ளியில் சேர்ந்து ஒப்பித்தோமே, நினைவிருக்கிறதா? பணிவு எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு, செல்வருக்கு அது இன்னொரு செல்வம் என்று வள்ளுவர் முடிக்கிறார். படிப்பு, பதவி, வயது, நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிற நிலை, இதெல்லாமும் செல்வம்தான். வேறு வழியில்லாமல் குனிகிறவனைப் பார்த்து 'என்ன அடக்கம்!' என்று மெச்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நிமிர முடிந்தவன் குனிகிறானா என்றுதான் பார்க்க வேண்டும்.

உனக்குச் சொல்லிவிட்டேன், என் லட்சணத்தைக் கேள். ஓய்வுபெற்ற பிறகும் அலுவலகத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் என்னைத் தேடி வருவார்கள். போன மாதம் ஒரு பையன் வந்தான். வழக்கம்போல, "எனக்கென்ன தெரியும் தம்பி, நான் பழைய ஆள்" என்றேன். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று அவன் பதற வேண்டும், அப்புறம் நான் ஆரம்பிக்க வேண்டும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நடந்து வருகிறது. இவனோ, "சரி சார், அப்ப வேற யாரையாவது கேட்டுக்கறேன்" என்று கோப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டான். கிண்டல் துளியும் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான், அவ்வளவுதான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காலையில் அரைமணி நேரம் கண்மூடி உட்காருகிறேன் என்று எழுதியிருந்தேனே, அங்கேயும் இதே கதை. 'நான் ஒன்றுமில்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்த அறையில் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டினால், 'நான் உட்கார்ந்திருப்பது தெரியவில்லையா?' என்று சுள்ளென்று ஏறும். ஒன்றுமில்லாதவனுக்கு எதற்கடா இவ்வளவு எரிச்சல்?

அந்தத் தூக்கமில்லாத ராத்திரியில் அப்பர் ஞாபகம் வந்தது. திருப்பூந்துருத்தியில் சம்பந்தரின் பல்லக்கைச் சுமந்த கதை உனக்குத் தெரியும். சம்பந்தர் சின்னப் பிள்ளை, இவரோ முதியவர். கூட்டத்தில் கலந்து, தாங்குவோரோடு ஒருவராகத் தோள் கொடுக்கிறார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் மேலிருந்து கேட்ட பிறகுதான், உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து பதில் வருகிறது. பதறி இறங்குகிறார் சம்பந்தர். சுமந்ததைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கோ, கேட்கிறவரை அவர் வாய் திறக்கவில்லையே என்பதுதான் பெரிதாகப் படுகிறது. நானாக இருந்தால் பத்தடிக்குள் ஒருமுறை இருமியிருப்பேன்.

நாலு நாள் கழித்து அந்தப் பையனுக்கு நானே போன் செய்தேன். அந்தச் சிக்கலை அவனே தீர்த்துவிட்டானாம், நான் சொல்லியிருக்கக்கூடிய வழியைவிடச் சுலபமான வழியில். "எப்படி என்று எனக்கும் சொல்லிக் கொடு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறான். நோட்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் பேத்தியின் தேர்வு முடிவு வந்துவிட்டதா? தம்பிகளிடம் பேசினாயா? இரண்டுக்கும் பதில் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்