பிஸ்டன் டப்பா மேல எடையைப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மதுரையில போரிங் பட்டறை, அதாவது தேஞ்ச இன்ஜின் சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குற பட்டறை, வச்சிருக்கேன். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், உங்க பேப்பர்ல வந்தா பிஸ்டன் பண்றவங்க காதுல விழும்னு எழுதுறேன்.

மாருதி 800 தயாரிப்பை 2014 ஜனவரியோட நிறுத்திட்டாங்க, ஆனா வண்டி இன்னும் ரோட்டுல ஓடுது, இன்ஜின் வேலைன்னு வந்தா சிலிண்டருக்குள்ள மேலயும் கீழயும் போற பிஸ்டனை வெளிக் கம்பெனில வாங்கித் தான் போடுறோம். அதுல தப்பே இல்ல, நல்ல சாமான் எவ்வளவோ வருது. கலந்து கட்டிக் குடுக்குறாங்க பாருங்க, அங்க தான் வண்டி கெடுது.

போன மாசம் ஒரு டீச்சரம்மா வண்டி வந்துச்சு, வேற எடத்துல இன்ஜின் வேலை பாத்து ரெண்டு மாசம் கூட ஆகல, ஸ்டியரிங்கைப் புடிச்சா கை மரத்துப் போகுதுன்னு பாவம் அழாத குறையா சொன்னாங்க. இறக்கிப் பாத்தா ரெண்டு பிஸ்டன் ஒரு கம்பெனி, மூணாவது வேற, ஆனா மூணுமே 0.50 ஓவர்சைஸ், அதாவது அரை மில்லி பெரிய சைஸ், கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியாது. பக்கத்து நகைப் பட்டறைல தராசு வாங்கியாந்து பிஸ்டனை ராடோட இணைக்கிற பின்னையும் சேத்து வச்சோம், மூணாவது 14 கிராம் கூட!

14 கிராம் தானேன்னு தோணும். அந்த இன்ஜினுக்கு ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல இருந்து கீழ போற தூரம், 72 மில்லி, நிமிஷத்துக்கு 5000 சுத்து ஓடுறப்ப பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்புற எடத்துல ஒவ்வொரு கிராமும் ஒரு கிலோவுக்கு மேல இழுக்கும், அப்ப 14 கிராம் எவ்வளவு இழுக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. மூணு சிலிண்டர்ல எல்லாம் ஒரே எடையா இருந்தா தான் ஒண்ணோட இழுப்பை மத்த ரெண்டும் அடக்கும். ரெண்டு மூணு கிராம்னா பின் உக்காருற எடத்துல உள்பக்கமா சுரண்டி சரி பண்ணிரலாம், 14 கிராமைச் சுரண்டினா பிஸ்டன் செத்துரும், அதனால செட்டாவே மாத்தினேன்.

பிஸ்டனை க்ராங்குங்கிற சுத்துற தண்டோட இணைக்கிற கனெக்டிங் ராடுலயும் ஒண்ணு மட்டும் புதுசு. ராடை முழுசா தராசுல வச்சா பத்தாது, பெரிய முனை க்ராங்கோட சுத்துது, சின்ன முனை பிஸ்டனோட மேலயும் கீழயும் போகுது, ரெண்டையும் தனித்தனியா எடை பாக்கணும். அப்புறம் ஒரு ராடோட பெரிய முனையை மூடுற கேப்பை இன்னொண்ணுல மாட்டவே கூடாது, நம்பர் பாத்து மாட்டணும், அவசரத்துல இதைக் கூட விட்டுடுறாங்க.

பின் சென்டர்ல இருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உள்ள உயரம் இன்னொரு தலைவலி, அரை மில்லி கூடிட்டாலே கம்ப்ரஷன் ஏறிரும், ரொம்ப கூடினா வால்வுல போய் இடிக்கும்.

நான் கேக்குறது மூணே நம்பர் தான், எடை எத்தனை கிராம், பின் எத்தனை மில்லி, இந்த உயரம் எவ்வளவு, இதை டப்பா மேலயே அச்சடிச்சு குடுங்க. வண்டி வச்சிருக்கவங்களும் பிஸ்டன் செட்டை மொதல்ல வாங்கிக் கைல குடுத்துட்டு அப்புறம் சிலிண்டரைப் போர் போடச் சொல்லுங்க, பிஸ்டனை அளந்து தான் போர் போடணும்.

அந்த 14 கிராம் பிஸ்டனை டப்பாவோட எடுத்து வச்சிருக்கேன், எந்தக் கம்பெனிக்காரங்க வந்தாலும் காட்டுறேன்.

இப்படிக்கு,
போரிங் பட்டறைக்காரர், மதுரை