செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் மாதக் கூட்டங்கள் பதினொன்று நடைபெற்றன. அரங்கு கிடைக்காமல் தள்ளிவைத்த ஒரு கூட்டம் பிறகு நடைபெறவில்லை. செயற்குழு நான்கு முறை கூடியது. ஆண்டு விழா எளிமையாக நடந்தது. புதிய உறுப்பினர்கள் ஒன்பது பேர் சேர்ந்துள்ளனர்.

இவ்வாண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. குடி, கடன், நோய், பிரிவு ஆகியவற்றிலிருந்து மீண்டவர்களும் மீள முயல்பவர்களும் மனம் விட்டுப் பேசுவதற்காகவே இச்சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் கூட்டங்களில் நாம் சொல்லும் கதைகள், 'அப்படி இருந்தேன், இப்படி ஆனேன்' என்று இரண்டே வாக்கியங்களில் முடிந்துவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை. புதிதாக வருபவர் தவித்துக்கொண்டிருப்பதோ அந்த ஆண்டுகளில்தான். ஆகவே உறுப்பினர்களின் கதைகளை முழுமையாக எழுதி வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முன்மொழிந்தேன். கைகொடுத்தவர் யார், மீண்டும் சறுக்கிய நாளில் என்ன நடந்தது, இன்னும் தீராமல் இருப்பது எது என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் விடை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

குடியை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆன ஓர் உறுப்பினர், 'ஒரே நாளில் தூக்கி எறிந்தேன்' என்றே எப்போதும் சொல்லிவந்தார். எழுத உட்கார்ந்தபோது அந்த முதல் இரவைப் பற்றி மட்டும் கேட்டேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியதையும், மனைவி இரு கைகளாலும் குவளையை ஏந்தி வாயருகே வைத்ததையும், அது பல்லில் பட்டுப் பட்டு ஒலித்ததையும், மறுநாள் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் சொன்னார். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பின் கடும் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தோன்றுவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு. 'ஒரே நாளில்' என்ற கதையை நம்பி ஒரு புதியவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே முயன்று ஏதேனும் நேர்ந்தால், அதற்கு நாமும் பொறுப்பாவோம்.

மற்றொருவர், 21 நாட்களில் எந்தப் பழக்கமும் மாறிவிடும் என்று எழுதியிருந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய அன்றாடப் பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இருபத்திரண்டாம் நாளில் தவறியவர் தம்மையே நொந்துகொள்ளக் கூடாது என்பதால், அவ்வரியை அவருடைய ஒப்புதலுடன் நீக்கினேன்.

கைகொடுத்தவர் யார் என்ற கேள்வியைச் சிலர் விரும்பவில்லை. தம் உழைப்பு சிறுத்துவிடும் என்று எண்ணினர். குழந்தைப் பருவத்திலேயே பார்வையும் கேட்கும் திறனும் இழந்த ஹெலன் கெல்லரை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். 1887இல், 20 வயதில், அவருக்கு ஆசிரியராக வந்த ஆன் சல்லிவன் சிறுவயதிலேயே பார்வைக் குறைபாட்டால் துன்புற்றவர். சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை உணர்த்தத் தொடங்கிய அவர், பின்னர் கல்லூரி வகுப்பிலும் அருகில் அமர்ந்து பாடங்களைக் கையில் உணர்த்தினார். 1904இல் கெல்லர் பட்டம் பெற்றார். ஆசிரியரின் பெயரைச் சொன்னதால் மாணவியின் பெருமை எள்ளளவும் குறையவில்லை.

செயலாளர் பழைய புண்ணைக் கிளறுகிறார் என்ற குறையும் என் காதுக்கு வந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் தம் துயர அனுபவங்களை எழுதிய மாணவர்கள் எழுதி முடித்தவுடன் வருத்தம் மிகுந்தே காணப்பட்டனர்; ஆனால் நிகழ்வையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் உடல்நல மையத்தை நாடியது குறைந்தது. இதை நம்பியே பணியைத் தொடர்ந்தேன். எனினும், எழுதிய பிறகு தம் தாயார் பல இரவுகள் உறங்கவில்லை என்று ஓர் உறுப்பினரின் மகள் தெரிவித்தபோது, அவசரப்பட்டுவிட்டேன் என்று உணர்ந்தேன். நேரில் சென்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். துயரம் நேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களிடம் அதன் பிறகு நான் கேட்பதில்லை.

மொத்த உறுப்பினர்கள் 84 பேரில் எழுதித் தந்தவர்கள் 19 பேர். எழுதுகிறேன் என்று பலர் முன்னிலையில் உறுதி கூறியவர்கள் இதைப் போல் இருமடங்குக்கு மேல் இருப்பார்கள். என்னை வருத்துவது இன்னொன்று. வாழ்க்கை நிலைபெற்றவுடன் பலர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் நலமாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே; ஆனால் முதன்முறையாக வருபவர் சுற்றிலும் தம்மைப் போல் தத்தளிப்பவர்களையே காண்கிறார், கரையேறியவர் ஒருவரையும் காண்பதில்லை. சந்தா நிலுவையிலும் இதே நிலைதான். வேலையிழந்த உறுப்பினர் ஒருவர் விலக்கு உண்டு என்று சொல்லியும் கேளாமல் மாதந்தோறும் செலுத்துகிறார். நல்ல நிலையில் இருக்கும் சிலர் மூன்று நினைவூட்டல் கடிதங்களுக்கும் பதில் தரவில்லை. பெயர்களைப் படிக்க நான் விரும்பவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். செலவு வரவுக்குள் அடங்கியது என்பதையும், கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்துள்ளது என்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன். குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுக் கருவியும் செயற்குழுவின் ஒப்புதலுடனேயே வாங்கப்பட்டன.

தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், அரங்கு தந்து உதவியவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் எழுதத் தெரியாதவர்களின் கதைகளைக் கேட்டு எழுத ஆறு பேர் தேவை. என்னால் தனியே இயலாது. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் குறிப்பேடுகளை இன்றே ஒப்படைக்கிறேன். எவரும் முன்வராவிடில் நானே தொடர்கிறேன். ஆனால் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துச் செல்ல வேண்டுகிறேன். அன்று திருப்பிக் கொடுத்த தாள்களை அந்த அம்மையார் சென்ற வாரம் தாமே கொண்டுவந்து தந்தார். கடைசிப் பக்கத்தை இன்னும் எழுதவில்லை என்றும், அருகில் உட்கார்ந்து எழுத ஒருவர் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்