மணிக்கு மூன்று மைல்

முரளி,

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் படகு எடுத்துப் போக நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்தேன். காலையில் பான்பரி, மத்தியானச் சாப்பாடு நேப்டன், ராத்திரி பிரான்ஸ்டன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம். இது படகு விஷயம், எழுத்தில் இருந்தால்தான் சந்திராவாவது படிப்பாள்.

முதலில் உன் கணக்கு. கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டிக் கிடக்கும் படகுகளைத் தாண்டும்போது இன்ஜினை அடக்கியே போக வேண்டும், அதனால் உண்மையில் 3 மைல்தான் வரும். ஒரு லாக்கை (தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கடக்கிற நேரம் கிட்டத்தட்ட ஒரு மைல் போகிற நேரம். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகு, மணி வந்துவிடும். பான்பரியிலிருந்து நேப்டன் அடிவாரம் வரை ஏறக்குறைய 20 மைல், 20க்கு மேல் லாக். அந்த மத்தியானச் சாப்பாட்டை நடுராத்திரி சாப்பிடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயைத் தேர்ந்தெடுத்தது நல்ல காரியம், அதற்கு மட்டும் மார்க் போடுகிறேன். 1790இல் ஆக்ஸ்ஃபோர்டு வரை முடிந்த வேலை இது. தொடங்கி வைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி மலையைக் குடைவதைவிட மலையைச் சுற்றுவதையே விரும்பியவர். நிலம் எந்த உயரத்தில் போகிறதோ அதே உயரத்தில் கால்வாயும் வளையும். உச்சி மட்டத்தில் கிளேடனிலிருந்து மார்ஸ்டன் டோல்ஸ் வரை 11 மைல், நடுவில் ஒரு லாக் கிடையாது. காக்கை பறக்கும் தூரம் அதில் பாதிகூட வராது. வோர்ம்லேட்டன் பக்கம் ஒரே பண்ணை வீடு இடப்பக்கம் வரும், பிறகு வலப்பக்கம் வரும், அப்புறம் பின்னால் வரும். அங்கே அவசரப்படுகிறவனுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஆகவே நான் சொல்கிற ஒரு நாள் இது. முதல் சாயங்காலமே கிராப்ரெடிக்கு வந்து கட்டிவிடு. (ஆகஸ்டில் அந்த ஊரில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இசைக்குழு ஆட்களின் இசைத் திருவிழா நடக்கும், கரையில் ஓர் அடி இடம் இருக்காது. உன் தேதி அதோடு மோதுகிறதா பார்.) மறுநாள் கிராப்ரெடி லாக், பிராட்மோர், வார்னீஸ், எல்கிங்டன்ஸ், பிறகு கிளேடனின் ஐந்து, ஆக 9 லாக் ஏற்றம். ஃபென்னி காம்ப்டன் வரை சுமார் 5 மைல். 14ஐ மூன்றால் வகு. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் பிற்பகலில் கட்டிவிடலாம். அதற்கு மேல் ஒரு நாளில் எதுவும் வேண்டாம்.

காலையில் இன்ஜினைத் தொடும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் பார். கூலன்ட் மட்டம் பார். ராத்திரி படகைக் கட்டியதும் ஸ்டெர்ன் கிளாண்டின் கிரீஸ் கப்பை, கை இறுக்கமாக உணரும்வரை திருப்பு; ப்ரொப்பெல்லர் தண்டு வழியாகத் தண்ணீர் சொட்டுவதை அந்த கிரீஸ்தான் தடுக்கிறது. எங்காவது வேகம் குறைந்து, படகு நடுங்கி, புகை கறுத்தால் ப்ரொப்பெல்லரில் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது: பிளாஸ்டிக் பை, கயிறு, பழைய புடவை, எதுவும் இருக்கலாம். கரையில் கட்டு, இன்ஜினை நிறுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடு. அதன் பிறகுதான் வீட் ஹேட்ச் (ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள திறப்பு) மூடியைத் திறந்து கையை விட வேண்டும். கத்தி வைத்துக்கொள். முடித்ததும் மூடியை இறுக்கி முடுக்காமல் இன்ஜினைப் போட்டால் ப்ரொப்பெல்லர் தண்ணீரை வாரி இன்ஜின் அறைக்குள் இறைக்கும். படகுகள் முழுகியே போகிற வழி அது.

ஓட்டுவதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நீ குதித்திருக்கிறாய். 57 அடி இரும்பு, 15 டன்னுக்கு மேல் எடை, பிரேக் கிடையாது. டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்பும் கம்பியை, இடது பக்கம் தள்ளினால் மூக்கு வலது பக்கம் போகும். பத்து நிமிஷத்தில் பழகிவிடும். பழகாதது இரண்டு. ஒன்று, படகு நடுவயிற்றில் சுழல்கிறது, ஆகவே மூக்கு ஒரு பக்கம் போனால் வால் மறுபக்கம் வீசும். நீ பார்க்க வேண்டியது வாலை. இரண்டு, ப்ரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கான் மேல் பட்டால்தான் படகு திரும்பும். நியூட்ரலில் டில்லர் வெறும் கம்பி. ரிவர்சிலும் அதே கதிதான், அதனால் ரிவர்சில் நிற்க மட்டும் பழகு, திரும்ப முயலாதே.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், ஆனால் சீக்கிரம் ஒதுங்காதே. கால்வாயின் ஆழம் நடுவில்தான், ஓரம் சேறு. நெருங்கும்வரை நடுவிலேயே வந்து, கடைசியில் மூக்கை வலப்பக்கம் திருப்பி, உடனே மறுபடி நேர்ப்படுத்து. தரைதட்டினால் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது மடத்தனம், இன்னும் ஏறும். வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ் எடு, ஆட்களை ஆழமான பக்கம் நிற்கச் சொல், கழியால் தரையை ஊன்றித் தள்ளு. வேகம் சரியா என்று தெரிய வேண்டுமானால் பின்னால் திரும்பிப் பார்: உன் அலை கரையில் உடைந்தால் அதிகம். ஃபென்னி காம்ப்டனில் முன்பு சுரங்கமாக இருந்து கூரை எடுக்கப்பட்ட பகுதி ஒன்று வரும். சில இடங்களில் இரண்டு படகு ஒதுங்க முடியாது. நுழையும் முன் எட்டிப் பார். பாலத்து வளைவுகளில் ஹார்ன் நீளமாக ஒரு தடவை.

இனி லாக். விளையாட்டை விட்டுவிட்டுப் படி.

லாக்கின் அகலம் சுமார் 7 அடி, படகு 6 அடி 10 அங்குலம். ஏறும்போது: லாக் காலியாக இருந்தால் கீழ்க் கதவைத் திற, உள்ளே போ, கதவை மூடு, கீழ்ப் பேடில்கள் (தண்ணீரை விடும் மடைப் பலகைகள்) இறங்கியிருக்கின்றனவா என்று பார். பிறகு மேல் பக்கம் தரைப் பேடிலைப் பாதி மட்டும் தூக்கு. தண்ணீர் அடியில் பாய்ந்து படகை முன்னும் பின்னும் இழுக்கும். அது அடங்கிய பின் முழுவதும். கதவிலேயே பேடில் இருந்தால், அதன் வாய் தண்ணீருக்குள் முழுகிய பிறகுதான் அதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அருவி நேராக முன் தளத்தில் விழும். படகின் முன் கதவுகள் மூடியே இருக்கட்டும். மூக்கில் தொங்கும் ஃபெண்டர் (மோதல் தாங்கி) கதவின் கட்டையடியில் மாட்டுகிறதா என்று ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இரு பக்கமும் மட்டம் சமமானால் கதவு தானாக இளகும். அதற்கு முன் முட்டித் தள்ளுவதில் முதுகுதான் போகும்.

இறங்கும்போதுதான் எனக்குக் கவலை. மேல் கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. சில் என்பார்கள். லாக் நிரம்பியிருக்கும்போது அது ஆழத்தில் கிடக்கும். தண்ணீர் இறங்க இறங்க அது மேலே வரும். படகின் வால் அதன் மேல் இருந்தால் வால் உட்கார்ந்துவிடும், மூக்கு மட்டும் தண்ணீரோடு கீழே போகும். சமையலறைச் சாமானிலிருந்து குழந்தை வரை எல்லாம் முன்பக்கம் சரியும், சில நிமிஷங்களில் படகு முழுகும். லாக் கரையில் ஒரு கோடு பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் உன் வால் எப்போதும் இருக்க வேண்டும், சுக்கானையும் சேர்த்து. வால் தூக்கினால், யாராவது கத்தினால், எதுவும் விசித்திரமாகத் தெரிந்தால், முதல் காரியம் கீழ்ப் பேடில்களை மூடுவது. பிறகு மேல் பேடிலை மெதுவாகத் திறந்து தண்ணீரை ஏற்று. படகு தானாக மிதக்கும். ஆராய்ச்சி எல்லாம் அதற்கு அப்புறம். இறங்கும்போது கயிற்றைக் கரையில் முடிச்சுப் போடவே கூடாது, படகு தொங்கிவிடும்.

விண்ட்லஸ், அதாவது பேடிலைச் சுற்றித் தூக்கும் கைப்பிடி, யார் கையில் இருக்கிறதோ அவரே படகின் காவல்காரர். மாதவன் கையில் கொடுத்தால் அவன் போனை நீ வாங்கி வைத்துக்கொள். பேடிலைத் தூக்கியதும் தாழ் விழுந்ததா பார்த்து, விண்ட்லஸைக் கழற்றிவிட வேண்டும். தண்டிலேயே விட்டால், தாழ் நழுவும்போது அது சுற்றிப் பறந்து பல்லை எடுக்கும். பேடிலைத் தொப்பென்று விழவிடாமல் சுற்றி இறக்கு. படகு சுவரில் மோதப்போனால் மோதட்டும், யாரும் காலை நீட்டித் தடுக்க வேண்டாம். 15 டன்னுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கால் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, தண்ணீர். ஒவ்வொரு தடவை லாக் காலியாகும்போதும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் உச்சியிலிருந்து கீழே போய்விடுகிறது. கிளேடனில் ஒரு படகு ஏறி நேப்டனில் இறங்கினால் இரண்டு பக்கமும் இழப்பு. அந்தப் பகுதிக் கால்வாய்க்கு பாடிங்டன், கிளாட்டர்கோட், வோர்ம்லேட்டன் ஏரிகள் தண்ணீர் தருகின்றன. 2025 கோடையில் மழை பொய்த்து நாட்டில் பல கால்வாய்களைப் படகுக்கு மூடினார்கள். ஆகவே கிளம்பும் முந்தின நாள் கால்வாய்களை நிர்வகிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்பைப் பார். வறட்சியில் லாக் வரிசைகளைச் சில மணி நேரம் மட்டும் திறந்து பிறகு பூட்டுவார்கள். லாக் உனக்கு எதிராக நிரம்பியிருந்து, மேலே ஒரு படகு வருவது தெரிந்தால், நீ காலி செய்யாதே. அவர்கள் இறங்கி வரட்டும், அதே தண்ணீரில் நீ ஏறு. ஐந்து நிமிஷம் போனால் போகிறது, பேச்சுத் துணையும் கிடைக்கும்.

ராத்திரி கட்டுவதற்கு: கரையில் இரும்புத் தகடு அடித்திருந்தால் கொக்கி, இல்லையென்றால் முளை. முளையைச் சாய்த்து அடி, தலையில் வெள்ளைப் பை ஒன்றைக் கட்டு, நடப்பவர்கள் தடுக்கி விழாமல். முன்னும் பின்னும் கயிறு சாய்வாக விலகிப் போக வேண்டும். நடுக்கயிற்றில் மட்டும் கட்டினால் ஒவ்வொரு படகு தாண்டும்போதும் உன் டம்ளர் சாயும். வளைவிலும், லாக் வாசலிலும், படகு திருப்புகிற அகலமான இடத்திலும் கட்டாதே. கட்டிய பின் ராத்திரி 8க்கு மேல் காலை 8 வரை இன்ஜின் ஓட்டக்கூடாது, அதனால் பேட்டரி சார்ஜ் பகலிலேயே.

அங்கேதான் சந்திராவின் எலக்ட்ரிக் குக்கர் விஷயம் வருகிறது. வேண்டாம். இன்வெர்ட்டர் தாங்கினாலும் பேட்டரி தாங்காது. ஹேர் டிரையரும் அப்படியே. காஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் தாராளமாக வைக்கலாம், ஆனால் குளிருகிறது என்று காற்றோட்டத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் குழாய் கண்ட இடத்தில் நிரப்பு. அரை மணி ஆகும், அந்த நேரத்தில் சமையல். கழிப்பறை காசெட் (கழற்றி எடுக்கும் பெட்டி) வகையா, பம்ப்-அவுட் (தொட்டியிலிருந்து உறிஞ்சி எடுப்பது) வகையா என்று முன்பே கேள். காசெட் என்றால் அதைத் தூக்கிப் போய்க் கொட்டுவது உன் வேலை, மாதவன் மேல் போடாதே.

டீசல் பற்றிக் கவலைப்படாதே, மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்தான். பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கு. தோட்ட வேலைக் கையுறை எல்லோருக்கும் ஒரு ஜோடி, ஈரக் கயிறு தோலை உரிக்கும்.

நேப்டன் மலையில் காற்றாலை தெரிகிற இடம் வரை வர வேண்டும் என்று உனக்கு ஆசை, புரிகிறது. மூன்றாம் நாள் வா. அதற்குள் உன் வேகம் குறைந்திருக்கும். திட்டத்தைத் திருத்தி அனுப்பு, நான் ஒரு தடவை பார்க்கிறேன்.

சுந்தர்

பி.கு. படகை ஒப்படைக்கும்போது ஒரு பையன் கடகடவென்று எல்லாம் சொல்லிவிட்டுப் போய்விடுவான். வீட் ஹேட்ச், காஸ் வால்வு, தண்ணீர்க் குழாய்ச் சாவி, இந்த மூன்றையும் அவன் முன்னால் நீயே ஒரு தடவை திறந்து மூடிக் காட்டச் சொல்லிக் கேள். விண்ட்லஸ் இரண்டு வாங்கு. ஒன்று தண்ணீரில் விழும்.