மூன்று பெட்டிகளுக்கு நடுவே கோடுகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கூட்டாட்சி அரசின் அமைப்பை மாணவர்களுக்கு விளக்கி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். எழுத்து எளிமையாக இருந்தது, அதற்கு நன்றி. கூடவே இருந்த படத்தைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, தீர்ப்புச் சொல்வது என்று மூன்று பெட்டிகள். நடுவில் ஒன்றுமே இல்லை. இருபத்தெட்டு வருடம் குடிமையியல் நடத்தியவள் என்பதால் அந்த வெற்றிடம் என் கண்ணை உறுத்திவிட்டது.

நானும் இதே படத்தைத்தான் பல வருடம் கரும்பலகையில் போட்டேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "நீதிபதியை யார் நியமிக்கிறாங்க டீச்சர்?" என்று கேட்டாள். அமெரிக்காவில் அதிபர் பெயரை முன்மொழிவார், மேலவையான செனட் ஒப்புதல் தரவேண்டும் என்றேன். "அப்போ அந்த ரெண்டு பெட்டியிலேர்ந்தும் இங்க கோடு வரணுமே?" என்றாள். சாக்பீஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். மணி அடிப்பதற்குள் பலகையில் பெட்டிகளைவிடக் கோடுகள் அதிகமாகிவிட்டன. அன்றிலிருந்து கோடுகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் பெட்டிக்கு வருவேன்.

வீட்டோவையே, அதாவது மசோதாவை அதிபர் மறுக்கும் அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் இயற்றுவது காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் வேலை என்று படம் சொல்கிறது. ஆனால் இரண்டு அவைகளும் நிறைவேற்றிய மசோதா அதிபரின் மேஜைக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துப் பத்து நாள் அவகாசம். அதற்குள் அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினால், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால்தான் அது சட்டமாகும். 100 பேர் கொண்ட செனட்டில் எல்லோரும் வாக்களித்தால் 67 பேர் வேண்டும். ஆக, சட்டம் இயற்றுவதில் அதிபருக்கும் பங்கு உண்டு. நாங்கள் நடத்தும் பாடத்தில் இதை 'அதிகாரப் பிரிவினை' என்கிறோம். அதிகாரத்தைப் பிரித்தார்கள் என்பது பாதிதான். பிரித்ததை ஒன்றோடொன்று பின்னியும் வைத்தார்கள்.

அந்தப் பின்னல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு 1952-ஐச் சொல்வேன். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்றதும், ஏப்ரல் 8 அன்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். காங்கிரஸ் அப்படி ஒரு அதிகாரத்தை அவருக்குத் தந்திருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் ட்ரூமனே நியமித்தவர்கள். ஜூன் 2 அன்று 6-க்கு 3 என்று தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவர் நியமித்த நான்கு பேரில் இருவரும் அந்த ஆறில் இருந்தார்கள். நீதிமன்றத்துக்குப் படையும் கிடையாது, கருவூலமும் கிடையாது. ஆனாலும் அதிபர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, இது ஒரு நாட்டின் ஏற்பாடு. இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கீழவையின் நம்பிக்கை போனால் பதவியும் போகும். அங்கே முதல் இரண்டு பெட்டிகளைத் தள்ளித்தள்ளி வரைவதே தவறு. சுவிட்சர்லாந்தில் நிர்வாகத்தின் உச்சியில் ஒருவர் இல்லை, ஏழு பேர் இருக்கிறார்கள்.

உங்கள் படத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. கூட்டாட்சி என்று தலைப்புப் போட்டுவிட்டு, மாநிலங்களைக் காணோம்! மாநிலங்கள் மூன்று பெட்டிக்கும் வெளியே, கீழே எங்கோ இருப்பவை அல்ல. மத்திய சட்டமன்றத்துக்குள்ளேயே அவற்றுக்கு இடம் உண்டு. அமெரிக்க செனட்டில் பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் இரண்டிரண்டு பேர்தான். 1913-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தும்வரை அவர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மேலவையான பூண்டஸ்ராட்டில் உட்காருவது மாநில அரசுகளே. 69 வாக்குகள். ஒரு மாநிலத்துக்கு மூன்று முதல் ஆறு வரை; அவற்றைப் பிரித்துப் போடக்கூடாது, ஒரே மாதிரிதான் போடவேண்டும்.

2002 மார்ச்சில் அந்த அவைக்குக் குடியேற்ற மசோதா வந்தபோது பிராண்டன்பர்க் மாநிலத்தில் கூட்டணி ஆட்சி. பெயர் சொல்லி அழைத்ததும் அதன் அமைச்சர் ஒருவர் 'ஆம்' என்றார், அடுத்தவர் 'இல்லை' என்றார். அவைத் தலைவர் மாநில முதல்வரைத் திரும்பக் கேட்டு, அவர் 'ஆம்' என்றதும் நான்கு வாக்குகளையும் ஆதரவாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார். மசோதா நிறைவேறியது, குடியரசுத் தலைவரும் கையெழுத்திட்டார். அப்புறம் அதே வருடம் டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்த வாக்கு செல்லாது என்று சொல்லி, சட்டத்தையே ரத்து செய்தது. மாநிலம், மேலவை, குடியரசுத் தலைவர், நீதிமன்றம் என்று எத்தனை கை பட்டிருக்கிறது பாருங்கள். இதை மூன்று பெட்டிக்குள் எப்படி அடைப்பது?

அடுத்த முறை இந்தப் படத்தை வெளியிடும்போது பெட்டிகளைச் சிறிதாக்கி, நடுவில் அம்புக்குறிகளுக்கு இடம் விடுங்கள். ஒவ்வொரு அம்புக்குறியின்மீதும் ஓரிரு சொல் போதும்: 'நியமனம்', 'ஒப்புதல்', 'திருப்பி அனுப்புதல்', 'ரத்து', 'பதவி நீக்கம்', 'நிதி ஒதுக்கீடு' என்று. மாநிலங்களுக்கு நான்காவதாக ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து மேலவைக்கு ஒரு தடித்த கோடு இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியை