காவடி மேடையில் நாற்காலி போடுகிற பெரியவர்களுக்கு

மொரீஷியஸ் தமிழ்ச் சங்கத் தலைவர்களுக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

இதைத் தமிழில் எழுதினால் உங்களில் பாதிப் பேர் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன், நாள் முழுக்க இந்த எழுத்தோடுதான் பிழைப்பு. கடையில் பேரம் பேசக் கிரியோல் வரும், அரசாங்கத்துக்கு மனு எழுத ஆங்கிலம் வரும், கோபம் மட்டும் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தைப்பூசம். பிப்ரவரி வெயில் உங்களுக்குத் தெரியாததில்லை. பத்து நாள் விரதம் இருந்து, கன்னத்தில் வேல் குத்தி, தோளில் காவடியோடு வந்தவர்கள் கோயில் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பால் செம்போடு பெண்கள், தார் ரோட்டில் வெறுங்காலோடு. உள்ளே மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். "வணக்கம்" என்று தமிழில் ஆரம்பித்தார், அதோடு தமிழ் முடிந்தது. அப்புறம் இருபது நிமிடம் கிரியோலில், தன் அரசாங்கம் தமிழ்ச் சமூகத்துக்கு என்னென்ன செய்தது என்று பட்டியல். அடுத்து எதிர்க்கட்சிக்காரர், அவருக்கும் ஒரு மாலை, அவருக்கும் பதினைந்து நிமிடம். என் அக்கா கையில் இருந்த செம்பில் பால் திரியவில்லை, முருகன் காப்பாற்றினான். எனக்குத்தான் மனம் திரிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த நாற்காலிகளைப் போட்டது நீங்கள். அதனால்தான் இந்த மடலை அரசியல்வாதிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளியே நமக்கு நல்ல பெயர். ஆப்பிரிக்காவிலேயே முழு ஜனநாயகம் என்று எண்ணப்படுகிற நாடு என்று பல வருடங்கள் பாராட்டு வாங்கினோம். உள்ளே இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 2015 ஜூனில் நகரசபைத் தேர்தல் நடந்தது, அடுத்தது 2025 மே மாதம்தான். இடையில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தள்ளிப் போட்டார்கள், போர்ட் லூயிஸ் முதல் கியூர்பிப் வரை ஐந்து நகரங்களும் பழைய கவுன்சிலர்களோடே காலம் தள்ளின, யாரும் தெருவுக்கு வரவில்லை. 2024 பொதுத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்களை 'மிஸ்யே முஸ்தாஸ்' என்ற பெயரில் யாரோ வெளியே விட்டுக்கொண்டிருக்க, சமூக ஊடகங்களை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரே நாளில் அந்த உத்தரவைத் திரும்ப வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். சுதந்திரம் வாங்கிய 1968 முதல் பிரதமராக இருந்தவர்கள் ஐந்தே பேர்: ராம்கூலம் அப்பாவும் பிள்ளையும், ஜக்நாத் அப்பாவும் பிள்ளையும், நடுவில் 2003 முதல் 2005 வரை பெராஞ்ஜே. இதை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பொதுத் தேர்வில் இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது என்று.

இதில் தமிழனுக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வேட்புமனுவில் சமூகம் என்று ஒரு வரி இருக்கிறது. அரசியல் சட்டப்படி அதில் நான்கே வகை: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், அப்புறம் 'பொது மக்கள்'. வாழ்க்கை முறையைப் பார்த்து முதல் மூன்றில் சேராதவர்கள் எல்லாம் நான்காவதில். தமிழர் என்று தனியாக எதுவும் கிடையாது, நம்மை இந்துவில் போட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கைத்தொழிலாளியாக வந்து கத்தோலிக்கரான தமிழர்களின் வாரிசுகள் 'பொது மக்கள்'. அதாவது ஒரு பிள்ளை இந்து, இன்னொரு பிள்ளை பொது மக்கள், இரண்டு பேருக்கும் பெயர் 'பிள்ளை'தான். இந்தக் கணக்கை வைத்துத்தான் தோற்றவர்களில் எட்டுப் பேர் வரை 'பெஸ்ட் லூசர்' என்று சபைக்குள் போகிறார்கள். இதற்கு அடிப்படை எந்த மக்கள்தொகைக் கணக்கு? 1972 இல் எடுத்தது. அதற்குப் பிறகு சமூகத்தைக் கேட்டுக் கணக்கெடுக்கவே இல்லை. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது பேரன் இருக்கலாம்.

இது சரியில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழுவே 2012 இல் சொல்லிவிட்டது. 2014 தேர்தலுக்கு மட்டும், சமூகம் எழுதாமலும் நிற்கலாம் என்று தற்காலிகமாக ஒரு விலக்குக் கொடுத்தார்கள். 2019 இல் "நான் மொரீஷியன், வேறு எதுவும் எழுத மாட்டேன்" என்று நின்றவர்களின் மனுக்கள் தள்ளுபடி.

உங்களில் சிலர் இதற்குக் கேட்கிற வைத்தியம் எனக்குத் தெரியும்: ஐந்தாவதாகத் தமிழருக்கு ஒரு கட்டம் வேண்டும். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஓட்டைப் படகில் நமக்கென்று தனியாக ஒரு பலகை கேட்கிற மாதிரி இருக்கிறது இது. ஐந்தாவது வந்தால் தெலுங்கர் ஆறாவது கேட்பார், மராட்டியர் ஏழாவது கேட்பார், கேட்பதில் தப்பும் இல்லை. கடைசியில் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னால் நம்மைத் தேடி வருகிறவர்கள் "உங்கள் ஊரில் எத்தனை தலை?" என்றுதான் கேட்பார்கள். என்னையே ஒருவர் கோயில் சமையற்கட்டில், ஏழு கறிக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அப்படிக் கேட்டார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை.

நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர். நீங்களும் நானும் மூன்று பெயருக்குக் கட்டாயம் குறி போட வேண்டும், இரண்டோடு நிறுத்தினால் சீட்டுச் செல்லாது. கட்சிகள் "வோட் ப்ளோக்" என்று கத்துகின்றன, நாம் மூன்றையும் ஒரே கட்சிக்குக் குத்துகிறோம். விளைவு 1982 இல் 60க்கு 60. 1995 இல் 60க்கு 60. 2024 நவம்பரில் மறுபடியும், தீவின் 20 தொகுதிகளிலும் ஒரே அணி. தோற்ற அணிக்கு வாக்குப் போட்டவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல், ஆனால் நேரடியாக அவர்களுக்கு ஒரு இடம்கூட இல்லை. நான் அந்த அணிக்குப் போடவில்லை, அவர்கள் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்க ஆள் இல்லாத சபையில் யார் உட்கார்ந்தாலும் கெட்டுப்போவார்கள். 1982 இல் எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போன கூட்டணி அடுத்த வருடமே உடைந்து, 1983 ஆகஸ்டில் திரும்பத் தேர்தல் வந்ததே.

மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தென் ஆப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் வந்த குழு 2002 இலேயே சொன்னது: இப்போதுள்ள இடங்களோடு இன்னும் 30 இடம் சேர்த்து, கட்சிகள் வாங்கிய வாக்குக்கு ஏற்றபடி பங்கிடுங்கள். நம் நாட்டைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவின் வட்டாரப் பேரவையில் அதே வருடம் விகிதாசார இடங்கள் வந்துவிட்டன, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் லாபம். எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை கிடையாது, ஆனால் தீவு முழுக்க எண்ணும்போது ரோஸ் ஹில் தமிழன் வாக்கும் கிளெமென்சியாத் தமிழன் வாக்கும் ஒரே பெட்டியில் சேரும். பட்டியலைக் கட்சித் தலைவர்தானே போடுவார், தன் மைத்துனனை முதலில் போடுவாரே என்று கேட்டால், ஆமாம், போடுவார். அதனால்தான் பட்டியல் வரிசையைக் கட்சி உறுப்பினர்கள் வாக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மைத்துனன் என்றதும் ஞாபகம் வருகிறது. பொங்கல் விழா மேடையில் நீங்கள் குடவோலை, உத்திரமேரூர் என்று பெருமை பேசுகிறீர்களே, பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டை ஒரு தடவை முழுசாகப் படித்துப் பாருங்கள். அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் ஊர்ச்சபை, எல்லாருக்குமான ஜனநாயகம் என்று சொல்ல முடியாது. ஆனால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது, சமீபத்தில் பதவியில் இருந்தவன் சில வருடம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்த விதியை நம் பிரதமர்கள் மேல் வைத்துப் பார்ப்பது இருக்கட்டும், நம் சங்கங்கள் மேல் வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்? நான் சந்தா கட்டுகிற சங்கத்தில் நான் வாலிபனாக இருந்தபோது இருந்த அதே தலைவர்தான் இன்னும் இருக்கிறார். கணக்கு வாசிக்கிறார்கள், வேகமாக.

உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1998 இல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது நாடே அதிர்கிற மாதிரி எதிர்த்தீர்கள், அச்சடித்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தமிழைப் பழைய இடத்தில் வைத்தார்கள். இன்றைக்கும் தமிழ் எண்ணைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்துத்தான் காட்டுகிறேன். ஒரு வரி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவ்வளவு செய்தவர்கள், ஒரு வாக்கு எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கும் கொஞ்சம் செய்யலாம்.

அதனால் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை கட்சிக்காரர் வரும்போது "எங்கள் ஆளுக்கு எத்தனை டிக்கெட்?" என்று கேட்காமல், சமூகம் எழுதுகிற அந்த வரியை எடுப்பீர்களா, விகிதாசார இடங்களைக் கொண்டுவருவீர்களா, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள், பதிலை எழுதி வாங்கிக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். தைப்பூசத்தன்று அவர் வரட்டும், கும்பிடட்டும், இலை போட்டுச் சாப்பிடட்டும். மைக் மட்டும் வேண்டாம்.

உங்கள் பொதுக்குழுவில் இதை வாசிக்க விருப்பமிருந்தால் சொல்லுங்கள், கிரியோலில் நானே மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம். கணக்கு வாசிக்கிற நேரத்தில் கொஞ்சம் மெதுவாக வாசித்தால் போதும்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஒரு தமிழ் வாத்தியார்,
காத்ர் போர்ன்