பின்புறத்தில் முத்திரை இல்லாத படைச் சின்னங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பழகி, முப்பது ஆண்டுகளாக நகை செய்துவரும் பொற்கொல்லன் நான். பழைய பிரித்தானியப் படைச் சின்னங்களைப் பார்த்து வெள்ளியிலும் தங்கத்திலும் ஆடையில் ஊசியால் குத்தி அணியும் சிறிய நகையான புரூச் செய்து தருவதும் அண்மைக் காலமாக என் வேலைகளுள் ஒன்றாகியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் படைச் சின்னம் என்றாலே வீட்டுக்கு வீடு ஒவ்வொரு நினைவு எழும் என்பதை அறிந்தவன் ஆதலால், நம் நாட்டில் நடந்த போரோடு தொடர்புடைய எந்தத் தரப்பின் சின்னத்தையும் நான் செய்வதில்லை.

முதலாம் உலகப் போர்க் காலத்தில், களத்துக்குப் புறப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் தம் படைப்பிரிவின் தொப்பிச் சின்னத்தைப் போன்ற சிறு நகையைத் தாய்க்கோ மனைவிக்கோ காதலிக்கோ கொடுத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. 'சுவீட்ஹார்ட் புரூச்' என்பது அதன் பெயர். சிப்பாயின் தொப்பியில் இருந்தது பெரும்பாலும் பித்தளைதான். வீட்டில் காத்திருந்தவளுக்கு 9 கரட் தங்கத்திலும் வெள்ளியிலும் அது கிடைத்தது.

மூலத்திலிருந்து நேரே அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால், பிரதி சற்றுச் சிறிதாகவும் விளிம்பு மழுங்கியும் வரும். விரல்நுனி அளவுக்குக் குறைப்பதென்றால் அந்த வழி உதவாது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். எந்த இலையை விடுவது, எந்தக் கோட்டை ஆழமாக்குவது என்று தீர்மானித்து மெழுகில் புதிதாகச் செதுக்கியே வார்க்க வேண்டும். சின்னத்தில் உள்ள அரச முடியின் வளைவுகூடத் தவறக்கூடாது: மன்னர் ஆறாம் ஜோர்ஜ் காலத்து முடி குவிந்து நிற்கும், 1952இன் பின் எலிசபெத் அரசியார் ஏற்ற முடியோ நடுவில் தாழ்ந்திருக்கும். இறுதியில் கந்தகக் கரைசலால் பள்ளங்களைக் கறுப்பாக்கி மேடுகளை மெருகிடுவேன். அப்போதுதான் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பே இப்போது பொய்க்குத் துணைபோயிருக்கிறது. கடந்த மாதம் வெளிநாட்டுப் பயணி ஒருவர் முடியும் நங்கூரமும் கொண்ட புரூச் ஒன்றைக் காட்டி, அது நம் கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸிலிருந்து எடுக்கப்பட்டதென்று கடற்கரைக் கடையொன்றில் பெரும் விலைக்கு வாங்கியதாகச் சொன்னார். அது இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கையால் செய்தது. எண்பது ஆண்டுகள் கடலில் கிடந்த வெள்ளி புறணி படர்ந்து அரித்திருக்கும். ஊசியும் கொளுவியும் இப்படிப் புதிதாக இருக்காது. இதை அவரிடம் விளக்கியபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஏனெனில் அதன் பின்புறத்தில் நான் எதையும் பொறித்திருக்கவில்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் ஹேர்மிஸ் நம் கரைக்கு அப்பால் மூழ்கியபோது முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது அவர்களுடைய கல்லறை. அங்கிருந்து களவெடுத்த பொருள் என்று பொய் சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதோடு, உண்மையாகவே அங்கு களவெடுக்கும் ஆசையையும் வளர்க்கும்.

ஆகவே சக தொழிலாளர்களை வேண்டிக்கொள்கிறேன்: எத்தனை சிறிய பிரதியானாலும் அதன் பின்புறத்தில் வெள்ளியின் தூய்மையைக் குறிக்கும் 925 என்ற எண்ணையோ தங்கத்தின் கரட் அளவையோ, செய்த ஆண்டையும், உங்கள் பட்டறையின் அடையாளத்தையும் ஆழமாகப் பொறியுங்கள். மேலோட்டமாகக் கீறினால் அரத்தால் இரண்டு இழுப்பில் அழித்துவிடுவார்கள். வாங்குவோரும் புரூச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். முன்பு என்னிடம் வாங்கியவர்கள் அதைக் கொண்டுவந்தால் கூலி இன்றிப் பொறித்துக் கொடுப்பேன்.

இங்ஙனம்,
பொற்கொல்லர் ஒருவர்,
மட்டக்களப்பு