மாப்ள கணேசனுக்கு

சாக்ரமெண்டோ
18 ஆகஸ்ட் 2024

மாப்ள,

பொங்கலுக்குப் பேசியதோடு சரி, அப்புறம் நான் கூப்பிட்ட ரெண்டு தடவையும் நீ போனை எடுக்கவில்லை. நானும் ஏதோ கோபத்தில் இருக்கிறான், தானாகக் கூப்பிடுவான் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. போன வாரம்தான் தங்கச்சி அழுததாக அம்மா போனில் சொன்னார்கள். பிப்ரவரியில் ஹாக்கி மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவர் விசிலை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நீ வெளியே வந்தது, நெஞ்சு படபடவென்று அடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது, இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டது, அன்றிலிருந்து கிருஷ்ணா நகர் மைதானத்துப் பக்கமே நீ தலைவைத்துப் படுக்காதது, எல்லாம் தெரிந்துவிட்டது. தங்கச்சியைத் திட்டாதே. அவள் சொல்லியிருக்காவிட்டால் நீ சொல்லியிருக்கப் போவதில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் என்னைவிட உயரமாகிவிட்டான். வெயில் நம்ம ஊர் சித்திரை மாதிரி கொளுத்துகிறது. அவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலையில் ஆபீஸ் ஆட்களோடு டாஹோ ஏரிக்குப் போயிருந்தேன். இங்கிருந்து மலையேறினால் ரெண்டு மணி நேரம், கலிபோர்னியா எல்லையைத் தாண்டியதும் நெவாடாவில் எட்ஜ்வுட் என்று ஒரு கோல்ஃப் மைதானம், ஏரியை ஒட்டி. 1990லிருந்து வருஷா வருஷம் அங்கே அமெரிக்கன் செஞ்சுரி சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஆடுகிறவர்கள் கோல்ஃப்காரர்கள் இல்லை. கூடைப்பந்து, பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி என்று வேறு ஆட்டங்களில் பேர் வாங்கியவர்கள். உனக்குப் பிடிக்கும் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் உன் விஷயம் தெரியாமலே, உனக்குச் சொல்லவேண்டிய ஆளை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கோல்ஃப் என்றால் நீ "அது பணக்காரன் கோலி" என்பாய். இரு, கேள். வழக்கமான போட்டியில் மொத்தம் எத்தனை அடி என்று எண்ணுவார்கள், ஒரே குழியில் சொதப்பினால் நாள் பூராவும் போச்சு. இங்கே அப்படியில்லை, குழிக்குக் குழி புள்ளி. அந்தக் குழிக்கென்று குறித்த அடிகளில் போட்டால், அதுதான் பார், 1 புள்ளி. ஒரு அடி குறைத்தால் பேர்டி, 3. ரெண்டு அடி குறைத்தால் ஈகிள், 6. எவ்வளவு கேவலமாக ஆடினாலும் அந்தக் குழியில் 2 புள்ளிக்கு மேல் குறைக்க மாட்டார்கள். அடுத்த குழிக்கு நடக்க வேண்டியதுதான்.

அங்கே வந்து ஆடியவர்களின் கதைகளைக் கேட்டால் நீயே உட்கார்ந்து குறிப்பெடுப்பாய். அமெரிக்கக் கால்பந்துக்காரர் டோனி ரோமோவை, அணிகள் புது ஆட்களை எடுக்கிற 2003 தேர்வில் ஒரு அணியும் எடுக்கவில்லை, அப்படி வந்தவர்தான் ஓய்வு பெறும்போது டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் சரித்திரத்திலேயே அதிக கஜம் பந்தை வீசியவராக இருந்தார். இந்தக் கோப்பை அவரிடம் மூன்று இருக்கிறது. ஜான் ஸ்மோல்ட்ஸ் பேஸ்பாலில் பந்து வீசுகிறவர், முழங்கை அறுவை சிகிச்சையால் 2000 முழுக்க வெளியே உட்கார்ந்தார், திரும்பி வந்து வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார், கடைசி ஓவர் போடுகிறவன் மாதிரி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற வேலை, 2002ல் மட்டும் 55 ஆட்டம் முடித்துக் கொடுத்திருக்கிறார். ரிக் ரோடன் சின்ன வயசில் எலும்பில் சீழ் பிடிக்கிற நோய் வந்து காலில் பட்டை கட்டிக்கொண்டு நடந்த பையன். பேஸ்பாலில் 151 வெற்றி, இங்கே எட்டுத் தடவை சாம்பியன். நாம் ஒத்தக்கால் என்று கூப்பிடுகிறவர் ஞாபகம் வந்ததா இல்லையா? எனக்கு வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது மார்டி ஃபிஷ் பற்றி. டென்னிஸ்காரர், நம்ம வயசுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் சிலியின் நிகோலஸ் மாசுவிடம் ரெண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலையில் இருந்தும் ஐந்தாவது செட்டில் தோற்று வெள்ளி வாங்கினார். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அப்புறம் பயங்கரமாக எடையைக் குறைத்து, முப்பதை நெருங்குகிற நேரத்தில் 2011ல் உலகத்தில் ஏழாம் இடம். அதற்கு அடுத்த வருஷம் இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. அதற்கு மருத்துவம் பார்த்தார்கள், சரியானது. ஆனால் பயம் போகவில்லை, மாப்ள. இதயம் சரி என்று சொன்ன பிறகும் பயம் தனியாக உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க ஓப்பன் மூன்றாவது சுற்றில் ராத்திரி மேட்ச், ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பதற்றம் வந்து அமுக்கியது. அப்படியும் ஜெயித்தார். அடுத்து ஃபெடரர். அவ்வளவு பெரிய மைதானம், அவ்வளவு பெரிய ஆள், நாடு பூராவும் டிவியில் பார்க்கப் போகிறது. மைதானத்துக்குக் காரில் போகும்போது அவர் மனைவி சொன்னார், நீ ஆடித்தான் ஆகணும் என்று இல்லை. அவர் ஆடவில்லை. அப்புறம் பல மாதம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

இதை எழுதும்போது நீ விசிலைக் கொடுத்துவிட்டு நடந்து வந்ததுதான் கண் முன்னால் நிற்கிறது. இடைவேளைக்கு முன்னாலா பின்னாலா என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்று வருஷம் கழித்து 2015ல் அதே அமெரிக்க ஓப்பனுக்கு வந்தார். ஒரு சுற்று ஜெயித்தார், அடுத்த சுற்றில் தசைப்பிடிப்போடு ஐந்து செட் ஆடித் தோற்றார், அதோடு ஓய்வு. தனக்கு வந்தது என்ன என்பதை அவரே பெயர் சொல்லி எழுதினார், மருத்துவரிடம் போனதையும் மருந்து சாப்பிட்டதையும் மறைக்கவில்லை. அப்புறம் நாடுகள் மோதுகிற டேவிஸ் கோப்பை டென்னிஸில் அமெரிக்க அணிக்குக் கேப்டன். இந்தக் கோல்ஃபில் 2020ல் சாம்பியன், அந்த வருஷம் கொரோனாவால் பார்வையாளர் யாருமே இல்லை. போன வருஷம் 73 புள்ளி எடுத்து இவர்தான் ஜெயித்தார் என்று இருந்த நேரத்தில், கடைசிக் குழியில் 18 அடி தூரத்திலிருந்து கூடைப்பந்துக்காரர் ஸ்டீஃபன் கர்ரி உருட்டிய பந்து உள்ளே விழுந்து ஈகிள், 75. அந்தப் பந்து விழாமல் இருந்திருந்தால் கோப்பை ஃபிஷ்ஷுக்குத்தான். இந்த வருஷம் கர்ரி ஒலிம்பிக்குக்குப் போய்விட்டார் (பிரான்ஸுக்கு எதிரான இறுதியைப் பார்த்தாயா? எட்டு மூன்று-புள்ளி!), ஃபிஷ் திரும்பி வந்து ரெண்டாவது தடவை ஜெயித்துவிட்டார்.

நான் 17வது குழிப் பக்கம் நின்றிருந்தேன். அங்கே ஏரிக்கரையே திருவிழா, படகுகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திப் பாட்டும் கூச்சலும். ஒரு காலத்தில் கூட்டத்தின் முன்னால் போக முடியாமல் காரைத் திருப்பிய மனிதர் அதற்கு நடுவில் புல்லில் நடந்து வந்தார். எனக்கு அப்போது அந்தப் பழைய கதை பாதிதான் தெரியும், வீட்டுக்கு வந்துதான் முழுசாகத் தேடிப் படித்தேன். அம்மா போன் பண்ணிய ராத்திரி திரும்பவும் படித்தேன்.

நீ பயந்தாங்கொள்ளி என்று ஊரில் எவனாவது சொன்னானா? சொன்னவன் அண்டர் நைன்டீனில் நீ கோல்கீப்பராக நின்றபோது உன் பேடில் பட்டுத் திரும்பிய பந்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும். நீயே உன்னை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் எனக்குக் கவலை. இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது நல்ல செய்தி, ஆனால் உனக்கு ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மனநல மருத்துவர் ஒருத்தரைப் பார். கோவில்பட்டியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் திருநெல்வேலி போ, மதுரை போ. பஸ்ஸில் தனியாகப் போக முடியவில்லை என்றால் ஊரிலிருக்கிற சின்னவனைக் கூட்டிக்கொண்டு போ, அவனிடம் நான் பேசிவிட்டேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

டிசம்பர் 20 டிக்கெட் போட்டிருக்கிறேன். வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். மைதானத்துக்குள் போகவேண்டாம், பெட்டிக்கடை வரைக்கும் நடப்போம், டீ குடிப்போம், உனக்குத் தோன்றினால் மேலே நடப்போம், இல்லாவிட்டால் திரும்பிவிடுவோம். என் பழைய ஸ்டிக் உன் பரணில்தான் கிடக்கிறது, கரையான் அரித்துவிட்டதா என்று மட்டும் எடுத்துப் பார்த்து ஒரு வரி எழுது.

செல்வா